வெயிட்லிஸ்ட்டில் நிற்பதா, கையில் இருப்பதை எடுப்பதா?

அமெரிக்காவில் எம்எஸ், பிஎச்டி படிக்க விண்ணப்பித்தவர்களுக்குப் பிப்ரவரி பாதியில் ஆரம்பிக்கும் இந்த வியாதி. மொபைலில் மெயில் வந்த சத்தம் கேட்டாலே வயிற்றில் ஏதோ புரளும், எடுத்துப் பார்த்தால் ஏதோ தள்ளுபடி விளம்பரம். பிரவுசரில் ஒரு எழுத்தைத் தட்டியதுமே விண்ணப்பப் போர்ட்டலின் முகவரி தானாக வந்து நிற்கும், அந்த அளவுக்கு அதைத் திறந்து திறந்து பார்த்திருப்போம். ஒருநாள் நிஜமாகவே அந்த மெயில் வரும். "உங்கள் விண்ணப்ப நிலையில் மாற்றம் உள்ளது" என்று ஒரே வரி. உள்ளே போனால் எடுத்தோம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. உங்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறோம், தொடர்ந்து இருக்க விருப்பமா என்று ஒரு கேள்வி, கீழே ஒரு பொத்தான்.

நான் அதை ஒரு நொடிகூட யோசிக்காமல் அழுத்தினேன். அதில் தப்பில்லை, பொத்தானுக்குக் காசில்லை. அதற்கப்புறம் ஏழு வாரம் வேறு எந்த முடிவையும் எடுக்காமல் இருந்தேனே, தப்பு அங்கேதான்.

அப்போது என் கையில் முழு நிதியோடு ஒரு பிஎச்டி ஆஃபர் இருந்தது. உண்மையில் ஆசைப்பட்ட இடத்தில் வெயிட்லிஸ்ட். நிதி எதுவும் இல்லாத ஒரு எம்எஸ் அட்மிஷன், இடத்தை உறுதிசெய்ய சீக்கிரம் டெபாசிட் கட்டு என்கிறது. இன்னும் இரண்டு இடங்களிலிருந்து சத்தமே இல்லை. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மாதிரிக் கலவையில்தான், அதனால் பொறுத்திரு என்றோ விட்டுத்தள்ளு என்றோ ஒரே வார்த்தையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு என்ன விலை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வைத்துத்தான் பேசுகிறேன். பிரிட்டனில் பெரும்பாலும் நிபந்தனையோடு ஒரு ஆஃபர் கொடுத்துவிட்டு மதிப்பெண் வரட்டும் என்பார்கள், அது வேறு ரகக் கவலை.

முதலில் ஏப்ரல் 15. இந்தத் தேதியைத் தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது, நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. சாரம் இவ்வளவுதான்: நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. ஸ்காலர்ஷிப், ஃபெலோஷிப், டிஏ (பாடம் நடத்த உதவும் வேலை), ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர் வேலை) என்று பணம் எந்த வடிவத்தில் வந்தாலும் இது பொருந்தும். பலரும் கவனிக்காமல் விடுவது அதன் மறுபக்கத்தை. நிதி இல்லாத அட்மிஷனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மார்ச் 20-க்குள் டெபாசிட் கட்டு என்று ஒரு எம்எஸ் துறை சொன்னால் அது எந்த விதியையும் மீறவில்லை. எம்பிஏ, சட்டம் போன்றவை தங்கள் சொந்த நாட்காட்டியில் ஓடுகின்றன. கையெழுத்திடாத கல்லூரிகளும் உண்டு, பட்டியல் அந்த அமைப்பின் தளத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கையெழுத்திட்ட இடமே நிதியோடு ஆஃபர் கொடுத்துவிட்டு மார்ச் கடைசிக்குள் பதில் சொல் என்று நெருக்கினால், தீர்மானத்தைச் சுட்டிக்காட்டிப் பணிவாக ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். சண்டை எல்லாம் தேவையே இல்லை.

சரி, பட்டியல் எப்படி நகர்கிறது? நான் நினைத்திருந்தது டிக்கெட் கவுன்ட்டர் வரிசை மாதிரி, முன்னால் இருப்பவர் போனால் அடுத்தவர் என்று. அப்படி இல்லவே இல்லை. ஒரு துறையில் 10 பேருக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து முதலிலேயே 18 பேருக்கு ஆஃபர் அனுப்புகிறார்கள். இந்த 18-ல் 8 பேர் வேண்டாம் என்றால்தான் கணக்கு நேராகிறது. ஒன்பதாவது ஆள் வேண்டாம் என்று சொல்லும்போதுதான் பட்டியலில் முதல் மூச்சு. அந்த வருடம் நினைத்ததைவிட அதிகம் பேர் வருகிறேன் என்றுவிட்டால் பட்டியலில் ஒருவர்கூட நகரமாட்டார், அவர்கள் எவ்வளவு நல்ல மாணவர்களாக இருந்தாலும். பக்கத்துத் துறையோ 10 இடத்துக்குச் சரியாக 10 ஆஃபர் மட்டும் அனுப்பியிருக்கும். அங்கே ஒருவர் மறுத்தால் ஒரு இடம் உடனே கீழே இறங்கும். இரண்டு துறைகளும் உங்களுக்கு அனுப்பியது கிட்டத்தட்ட ஒரே வாசகம் உள்ள மெயில்தான், ஆனால் இரண்டும் இரண்டு வேறு வாய்ப்புகள்.

பிஎச்டி என்றால் இதற்கு மேல் இன்னொரு சிக்கல். நிறைய துறைகள் பட்டியலுக்கு வரிசை எண்ணே வைப்பதில்லை. உட்பிரிவு வாரியாக, சில சமயம் பேராசிரியர் வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மறுத்தவர் கோட்பாட்டுப் பக்கம், நீங்கள் பரிசோதனைப் பக்கம் என்றால் அந்தக் காலியிடம் உங்களைத் தேடி வராது. "நான் பட்டியலில் எத்தனாவது?" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லாமல் போவது இதனால்தான்.

இனி வழிகள். முதல் வழி, கையில் இருப்பதை மார்ச்சிலேயே எடுத்துக்கொண்டு பட்டியலிலிருந்து விலகுவது. இதைத் தோல்வி மாதிரிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை. ஒரு சோதனை சொல்கிறேன். வெயிட்லிஸ்ட் போட்ட இடமும் இன்றே ஆஃபர் அனுப்பிவிட்டது, இரண்டிலும் ஒரே பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எது என்று பத்து நொடிக்குள் வாயில் வருகிறதா? வரவில்லை என்றால், "ம்ம், அங்கே அந்தப் பேராசிரியர் இருக்கிறார், ஆனால் இங்கே..." என்று இழுத்தால், அந்த வெயிட்லிஸ்ட்டுக்காக ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டியதில்லை. என் தோழி ஒருத்தி இப்படித்தான் மார்ச் இரண்டாம் வாரமே சரி சொல்லிவிட்டாள். ஏப்ரலில் நாங்கள் எல்லாம் போர்ட்டலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவள் தன் வருங்கால லேபில் இருக்கும் மாணவர்களோடு பேசி, முதல் செமஸ்டரில் யாரிடம் வேலை செய்யலாம் என்பதுவரை முடிவு செய்திருந்தாள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் குடியிருப்பு சீக்கிரம் விண்ணப்பித்தவர்களுக்குத்தான், அதுவும் அவளுக்குக் கிடைத்தது. பெயர் பெரிய இடத்திலிருந்து வெயிட்லிஸ்ட் வந்ததே என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பிடித்துத் தொங்குவது மனித சுபாவம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் ஐந்தாறு வருடம் தினமும் போய் உட்காரப்போவது பெயரில் இல்லை, ஒரு லேபில், ஒரு மனிதரின் கீழ்.

இரண்டாவது வழி, ஆஃபரை ஏப்ரல் 15 வரை கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது. நிதியோடு பிஎச்டி ஆஃபர் இருப்பவர்களுக்கு, வெயிட்லிஸ்ட் இடம் நிஜமாகவே மேலானது என்றால், என் ஓட்டு இதற்குத்தான். உங்களுக்குச் செலவு அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் வேறொருவருக்குச் செலவு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஆஃபரின் பின்னால் இன்னொருவர் உங்களைப் போலவே வெயிட்லிஸ்ட்டில் நிற்கிறார். இரண்டு ஆஃபர் இருந்து ஒன்று எப்படியும் வேண்டாம் என்று தெரிந்த பிறகும் மூன்று வாரம் அதைச் சும்மா வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். (நானும் அதில் ஒருவன், ஒரு எம்எஸ் இடத்தை வெறும் பெருமைக்காக வைத்திருந்தேன். "இரண்டு இடத்தில் கிடைத்தது" என்று சொல்லிக்கொள்ள.) கையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். எல்லோரும் கடைசி நாள்வரை பிடித்து வைத்திருப்பதால்தான் ஏப்ரல் 13, 14, 15 தேதிகளில் எல்லாம் ஒரேயடியாகச் சரிகிறது. ஒருவர் ஒரு இடத்தை விடுகிறார், அதைப் பெற்றவர் இன்னொன்றை விடுகிறார், அது வேறொருவருக்குப் போகிறது, எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

அதனால் பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. அந்த வெயிட்லிஸ்ட் ஆஃபர் 14-ஆம் தேதி மத்தியானம் வந்து, நாளைக்குள் சொல் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அப்போது போய் ஸ்டைபெண்ட் (கைக்கு வரும் உதவித்தொகை) எவ்வளவு, எத்தனை வருட உத்தரவாதம், கோடையில் பணம் உண்டா, மருத்துவக் காப்பீடு யார் தலையில், அந்தப் பேராசிரியர் இந்த வருடம் புது மாணவர் எடுக்கிறாரா என்று தேட ஆரம்பித்தால் விடிந்துவிடும். இந்த வீட்டுப்பாடத்தை மார்ச்சிலேயே முடித்துவிட வேண்டும். அங்கே இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிட வேண்டும். கிடைக்காத இடத்துக்கு எதற்கு இவ்வளவு உழைப்பு என்று தோன்றும். ஆனால் இந்த விசாரிப்பிலேயே பாதிப் பேருக்கு ஆசை தெளிந்துவிடுகிறது. அங்கே மூன்றாம் வருடத்துக்கு மேல் நிதி வருடாவருடம் இழுபறி என்று ஒரு சீனியர் சொன்னதும் என் நண்பன் அன்றைக்கே பட்டியலிலிருந்து விலகினான்.

அடுத்து, எழுதுவதா சும்மா இருப்பதா? இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று வெயிட்லிஸ்ட் போட்ட துறைக்கு ஒரு மெயில் எழுதுவது நல்லதுதான், கூடுதல் எதுவும் அனுப்பாதீர்கள் என்று அவர்களே சொல்லியிருந்தால் ஒழிய. அப்படிச் சொல்லியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எழுதினால் ஒரு தடவை, சுருக்கமாக, துறையில் மாணவர் சேர்க்கை விஷயங்களைக் கவனிக்கும் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு. நான் முதலில் எழுதிய வரைவு ஒன்றரைப் பக்கம், சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தத் துறையில் என்று ஆரம்பிக்கும். ஒரு சீனியர் படித்துவிட்டு முழுவதையும் அடித்தார். கடைசியில் போனது இவ்வளவுதான்: பட்டியலில் வைத்ததற்கு நன்றி. இன்னும் உங்கள் துறைதான் என் முதல் தேர்வு, ஆஃபர் வந்தால் ஏற்றுக்கொள்வேன். விண்ணப்பித்த பிறகு இந்த ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது, இணைப்பு கீழே. எனக்கு இன்னொரு நிதி ஆஃபர் இருக்கிறது, ஏப்ரல் 15 கெடு. அதற்குமுன் ஏதேனும் தகவல் தெரிந்தால் சொல்ல முடியுமா? ஐந்து வரி. ஏற்றுக்கொள்வேன் என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மதிப்பு. கூப்பிட்டால் வருவார் என்று தெரிந்த ஆளைக் கூப்பிடுவது துறைக்கு எளிது, கடைசி நேரத்தில் அவர்களுக்கும் பதற்றம்தான். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரே ஒரு இடத்துக்குத்தான் எழுதலாம், அதுவும் உண்மையாக இருந்தால். மூன்று இடத்துக்கு மூன்று முதல் தேர்வு என்று எழுதாதீர்கள், அந்தப் பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

கேள்விகளையும் அதே ஆளிடம் கேட்கலாம். இடங்கள் அளவுக்குத்தான் ஆஃபர் அனுப்பினீர்களா, கூடுதலாகவா? போன வருடம் பட்டியலிலிருந்து எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்? என் உட்பிரிவில் இன்னும் பதில் சொல்லாதவர்கள் இருக்கிறார்களா? வந்தால் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே நிதிதானா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள், பட்டியலிலிருந்து வரும் ஆஃபரில் பணம் குறைந்து வருவதும், முதல் வருடத்துக்கு மட்டும் வருவதும் உண்டு. எல்லாக் கேள்விக்கும் பதில் வராது. வரும் பதிலின் தொனியே பாதி சொல்லும். "10-ஆம் தேதிக்கு மேல் அசைவு இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், தயவுசெய்து தொடர்பில் இருங்கள்" என்பது ஒன்று. "உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்" என்று முடிந்தால், அது மரியாதையாகக் கதவைச் சாத்துவது.

மூன்றாவது வழிதான் நிறையச் சண்டைக்குக் காரணம். கையில் இருப்பதை 15-ஆம் தேதி ஏற்றுக்கொள்வது, பட்டியலிலும் நிற்பது, மே மாதத்தில் கூப்பிட்டால் தாவிவிடுவது. இதில் எம்எஸ்ஸையும் பிஎச்டியையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. சொந்தப் பணத்தில் படிக்கும் எம்எஸ் என்றால் நீங்கள் இழப்பது டெபாசிட். திரும்ப வராது என்று அவர்களே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்தப் பணமே இந்த மாதிரித் தாவலுக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் விலைதான். டெபாசிட் கட்டியவர்களில் கொஞ்சம் பேர் கோடையில் கழன்றுவிடுவார்கள் என்று எந்த அட்மிஷன் அலுவலகத்துக்கும் தெரியும். குற்ற உணர்ச்சியே வேண்டாம், தாவியதும் ஒரு மெயிலில் சொல்லிவிட்டால் போதும்.

நிதியோடு வரும் பிஎச்டி அப்படி இல்லை. நான் முன்பு சொன்ன அதே தீர்மானம், ஏற்றுக்கொண்ட ஆஃபரை இரு தரப்பும் மதிக்க எதிர்பார்க்கும் ஒப்பந்தம் என்றுதான் சொல்கிறது. சட்டப்படி யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் நீங்கள் சரி என்றதும் உங்கள் பெயரில் ஒரு டிஏ இடம் ஒதுக்கியிருப்பார்கள், ஒரு பேராசிரியர் தன் கிராண்ட்டில் (ஆராய்ச்சிக்கு வாங்கிய நிதியில்) ஒரு வருடக் கணக்கு எழுதியிருப்பார், பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். மே மாதம் நீங்கள் விலகினால் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே போகும், கூப்பிட ஆள் இருக்காது. துறைகள் சின்னவை, பத்து வருடம் கழித்து உங்கள் கட்டுரையை மதிப்பிட வருபவர் அந்தப் பேராசிரியராகவே இருக்கலாம். எனவே 15-ஆம் தேதிக்குப் பிறகு பிஎச்டியில் தாவுவதை, துணையின் வேலை, உடல்நிலை, சேரவிருந்த பேராசிரியரே வேறு இடம் போய்விட்டது போன்ற கனமான காரணம் இருந்தால் ஒழிய நான் செய்யமாட்டேன். அப்படிக் காரணம் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் ஏற்றுக்கொண்ட இடத்தில் பேசி, எழுத்தில் விடுவித்துக்கொண்டு, அப்புறம் புது இடத்துக்குச் சரி சொல்ல வேண்டும். பெரும்பாலும் முகம் சுளித்தாலும் விட்டுவிடுவார்கள். வர விருப்பமில்லாதவரை ஐந்து வருடம் வைத்துக்கொள்ள யாருக்கு ஆசை?

வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் காகித வேலையும் சேர்கிறது. சரி சொன்ன இடம் ஐ-20 என்ற, மாணவர் விசாவுக்கு வேண்டிய படிவத்தை அனுப்பும், அதை வைத்து 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் அமைப்பு) கட்டணம் கட்டி, விசாக் கட்டணம் 185 டாலர் தனியாகக் கட்டி, நேர்காணலுக்கு நாள் பிடிக்க வேண்டும். நடுவில் இடம் மாறினால் புது இடத்திலிருந்து புது ஐ-20 வேண்டும். கட்டிய செவிஸ் பணத்தைப் புது ஐ-20-ல் உள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம், அந்த அளவில் நஷ்டமில்லை. ஆனால் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் பதிந்த விசாவோடு முதல் தடவை வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்க முடியாது. நேர்காணல் நாள் கிடைப்பதே பாடாக இருக்கும் கோடையில் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும். ஜூன் கடைசியில் வெயிட்லிஸ்ட் கூப்பிட்டு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வகுப்பு என்றால், ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்களை விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் அடுத்த ஸ்ப்ரிங் செமஸ்டரிலோ (ஜனவரி வாக்கில் தொடங்குவது) அடுத்த வருடமோ சேர அனுமதிப்பார்களா என்று அதே ஃபோனில் கேட்டுவிடுங்கள்.

டிஃபர் செய்வது, அதாவது கிடைத்த இடத்தில் சேர்வதைத் தள்ளிப்போடுவது பற்றியும் அதோடு ஒரு வார்த்தை. எம்எஸ்ஸில் பல இடங்களில் ஒரு வருடம் தள்ளிப்போட விடுவார்கள். பிஎச்டியில் இடத்தைத் தள்ளிப்போட்டாலும் பணம் கூடவே தள்ளிப்போகும் என்ற உறுதி இருக்காது, எழுத்தில் வாங்காமல் நம்ப வேண்டாம். வெயிட்லிஸ்ட்டுக்கு டிஃபர் கிடையாது, அடுத்த வருடம் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கையில் ஒன்றுமே இல்லை, ஒன்றிரண்டு வெயிட்லிஸ்ட் மட்டும்தான் என்றால்? உண்மையில் வலிக்கும் நிலைமை இதுதான், இதற்குத்தான் யாரும் நல்ல யோசனை சொல்வதில்லை. பொறுத்திருங்கள், நல்லது நடக்கும் என்பார்கள். நடக்கலாம். ஆனால் அதை ஒரு திட்டம் என்று சொல்ல முடியாது. இங்கே ஒப்பிட வேண்டியது பட்டியலில் நிற்பதையும் விலகுவதையும் அல்ல, நிற்பது எப்படியும் இலவசம். பட்டியலில் நின்றபடியே வேறு என்ன செய்கிறோம் என்பதைத்தான். நிதி இல்லாத ஒரு எம்எஸ்ஸில் கடன் வாங்கிச் சேர்வதா, ஏதாவது லேபில் ஆராய்ச்சி உதவியாளராக ஒரு வருடம் போய் மறுபடி விண்ணப்பிப்பதா, இல்லை இன்னும் விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருக்கும் இடங்களைத் தேடுவதா?

பிஎச்டிதான் குறி என்றால் நான் உதவியாளர் வேலையைத்தான் சொல்வேன். வெயிட்லிஸ்ட் வரை வந்த விண்ணப்பத்தில் பெரிய ஓட்டை எதுவும் இருக்காது. குறைவது பெரும்பாலும் ஆராய்ச்சி அனுபவம், அல்லது உங்களை நெருக்கமாகத் தெரிந்த ஒருவரின் அழுத்தமான பரிந்துரைக் கடிதம், அல்லது அந்த வருடத்து அதிர்ஷ்டம். முதல் இரண்டையும் ஒரு வருட லேப் வேலை சரி செய்யும், மூன்றாவதுக்கு மருந்து இல்லை. கடன் எம்எஸ்ஸும் இதைச் செய்யும்தான், ஆனால் வகுப்பு, அசைன்மென்ட், வட்டி எல்லாவற்றுக்கும் நடுவில். படிப்பு முடிந்து வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் கணக்கு வேறு, அப்போது எம்எஸ் தாராளமாக ஜெயிக்கலாம். எதுவானாலும் வேலை தேடுவதை மார்ச்சிலேயே ஆரம்பியுங்கள். மே வரை பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தேடினால் நல்ல லேப் இடங்கள் போயிருக்கும். வெயிட்லிஸ்ட் போட்ட பேராசிரியருக்கே ஜூனில் எழுதி, அடுத்த முறைக்கு எதைச் சரி செய்யலாம் என்று கேட்கலாம். எல்லோரும் பதில் போடமாட்டார்கள். போடுகிறவர்கள் சொல்லும் இரண்டு வரி, நீங்களாக உட்கார்ந்து ஊகிக்கும் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

நிதியில்லாத பிஎச்டி ஆஃபர் ஒன்று கையில் இருக்கிறது, நிதியுள்ள இடத்தில் வெயிட்லிஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், நிதியில்லாததை விடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பணம் கொடுக்காத துறை உங்களை வேண்டும் என்று சொல்லவில்லை, வந்தால் வா என்கிறது.

சத்தமே போடாத இடங்களுக்கு வருகிறேன். மார்ச் பாதி ஆகியும், மற்றவர்களுக்கு எல்லாம் பதில் வந்தும், உங்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் நீங்கள் சொல்லப்படாத வெயிட்லிஸ்ட்டில் இருக்கலாம், அல்லது நிராகரிப்பு மெயிலை அனுப்ப அவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றிருக்கலாம். ஒரு தடவை கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள். பின்னால் ஆஃபர் வந்தால் வரட்டும்.

கையில் ஆஃபர் இருக்கிறது என்பதுகூட எவ்வளவு உறுதி என்ற கேள்வியும் சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. 2025-ல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி ஆட்டம் கண்டபோது பல துறைகள் பிஎச்டி இடங்களைக் குறைத்தன. யூமாஸ் சான் மருத்துவக் கல்லூரி அந்த மார்ச்சில் உயிர்மருத்துவப் பிஎச்டிக்குக் கொடுத்த ஆஃபர்களையே திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட வருடத்தில் இரண்டு விஷயம் மாறுகிறது. வெயிட்லிஸ்ட் அசைவதற்கான வாய்ப்பு சுருங்குகிறது, ஏனென்றால் ஒருவர் மறுத்தால் அந்த இடத்தை நிரப்பாமல் அப்படியே விட்டுவிடத் துறைக்கு ஆசை வரும். இன்னொன்று, கையில் உள்ள ஆஃபரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பெரிய கேள்வியாகிறது. ஒரே ஒரு பேராசிரியரின் ஒரே ஒரு கிராண்ட்டிலிருந்தா, அல்லது துறையே இத்தனை வருடத்துக்குப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? சுமாரான இடத்தின் எழுத்து உத்தரவாதமும் பெரிய இடத்தின் வாய்வார்த்தையும் எதிரெதிரே நின்றால் நான் எழுத்தின் பக்கம்.

என் கதைக்கு வருகிறேன். ஏப்ரல் 13 அன்று வெயிட்லிஸ்ட் துறையின் கோஆர்டினேட்டர் பதில் போட்டார், என் உட்பிரிவில் இரண்டு பேர் இன்னும் முடிவு சொல்லவில்லை, ஒருவர் வேண்டாம் என்றாலும் முதலில் கூடுதலாகக் கொடுத்ததைத்தான் அது சரிக்கட்டும் என்று. அத்தனை வெளிப்படையாகச் சொன்னதற்கு அந்த அம்மாவுக்கு இன்றும் நன்றி. ஆக இரண்டு பேரும் மறுத்தால்தான் ஏதாவது. 15-ஆம் தேதி என்பது அவர்கள் ஊர் நேரத்தில், எனக்கு மறுநாள் விடியும்வரை நீளும் நாள் அது. தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே பிற்பகல் ஆனதும் இன்னொரு தடவை போர்ட்டலைத் திறந்தேன், அதே வரி, அதே பொத்தான். கையில் இருந்த ஆஃபரில் "ஏற்கிறேன்" என்பதை அழுத்தினேன், இரண்டு நிமிடம் கழித்து பட்டியலிலிருந்து விலகுவதாக அந்த அம்மாவுக்கு எழுதினேன், படுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து தானியங்கி மெயில் ஒன்று வந்தது. அட்மிஷன் அலுவலகத்தின் கருத்துக்கணிப்பாம், 12 கேள்வி. முதல் கேள்வி, எங்கள் ஆஃபரை ஏற்காததற்கு முக்கியக் காரணம் என்ன? கீழே ஐந்து தெரிவுகள் இருந்தன, நிதி, இடம், பேராசிரியர், குடும்பம், வேறு. வேறு என்பதை அழுத்தினால் ஒரு கட்டம் திறந்தது. "ஆஃபர் வரவில்லை" என்று எழுதி அனுப்பிவைத்தேன்.